குடக்கணக்கு

பிப்ரவரிக்கு மேல் மின்ட் தெருவில் டைரி பாதி விலை.
போன வருடத்தது என்றால் இன்னும் மலிவு.
கிழமையை அடித்து அடித்தே
முப்பத்தோரு வருடம் எழுதினேன்.

சவரி படிப்பான்.
ஹார்பர் ஷிப்ட் முடிந்து
சட்டையைக்கூடக் கழற்றாமல் புரட்டுவான்.
அதனால், கதை கூடிவந்த நாளில்
‘தண்ணி லாரி வந்தது. ஆறு குடம்.’
அவன் கை நீண்ட நாளில்
‘லாரி வரவில்லை.’

“எழுத்தாளரம்மா குடக்கணக்கு” என்று
சிரித்து மூடுவான்.

அவனும் போய்
கொருக்குப்பேட்டைக்குக் குழாயும் வந்துவிட்டது.
தன்வரலாறு கேட்கிறார்கள்.
விரித்தால் தொண்ணூற்றேழு ஜூன்:
பதினொரு நாள் லாரி வரவில்லை.
வெயில் காலம்தானே,
நிஜமாகவே வராமல் இருந்திருக்கும்.

எதிர்வீட்டுச் செங்கேணியைக் கேட்டேன்.
“எம்மவ பொறந்த மாசம்க்கா அது.
லாரி தெனம் வந்துச்சே.
நீதான் கொடத்தோட வெளியவே வரல.”