அரைவட்டம்

வங்கி கேட்டது ஓர் எண்.
நான் கொண்டுபோனது அளவுநாடா, டோர்ச்,
கட்டிடத்தின் வயதுக்கு ஒரு சின்னக் கட்டம் விட்ட படிவம்.

மட்டக்குளியில், கொண்டெயினர் லொறிகள் திரும்பும் ஒழுங்கைக்குள்
வீடு தெருவுக்கு முதுகு காட்டி நிற்கிறது.
பிழையில்லை. வீடு வந்தபோது தெரு வந்திருக்கவில்லை.
அப்போது இது கொழும்பு இல்லை,
கொழும்புக்குப் போகும் வழி;
தென்னந்தோட்டம், நடுவே களனி மண்ணில் ஒரு சூளை.
நல்ல கல்லெல்லாம் படகேறிக் கோட்டைக்குப் போக
மிஞ்சிய கோணல் கல்லில் எழும்பியது சமையலறை.
அந்தச் சுவர் மட்டும் இன்னும் அலையடிக்கிறது.

மற்றவை பதினெட்டு அங்குலம்.
ஒரு வரி நீளக்கல், ஒரு வரி தலைக்கல்,
சுண்ணாம்புச் சாந்தில் மட்டிச் சிப்பியின் ஓரங்கள்.
காரை உதிர்ந்த இடத்தில், இடுப்பு உயரத்தில்,
ஒரு கல்லில் நாய்க்கால்.
ஈரத்தில் மிதித்திருக்கிறது,
அவசரமாக; நகங்கள் ஆழம்.

வெள்ளக் கோடுகள் நான்கு.
உயரத்தில் இருப்பதற்கு மிஸிஸ் நொயெலின் அளகக்கோன்
வருடம் சொல்லவில்லை.
"பியானோ போன வெள்ளம்" என்றார்.

வரைபடத்தில், பின்வளவில், ஒரு அரைவட்டம்.
கீறியவர் பாதியில் எழும்பிப் போய்விட்டார் என்று நினைத்தேன்.
போய்ப் பார்த்தால் கிணறு முழு வட்டம்தான்,
வாயின் நடுவால் எல்லைச் சுவர்.
செங்கல் வளைவொன்று சுவரைத் தூக்கிப் பிடிக்க
அடியில் தண்ணீர் பிரியாமல் கிடக்கிறது.
மறுபாதி தப்றேரா வீட்டுக்கு.
வழக்கு முப்பத்தொரு வருடம்.

எண்பத்து மூன்று ஆடியில்
முன்னறை வாடகைக்காரர் அருளம்பலம்
வளைவுக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய பாதியில்,
ஒரு படிக்கல்லில் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறார்
இரண்டு இரவு, ஒரு பகல்.
அந்தப் பகல் முழுக்க
தப்றேரா பக்கத்து வாளி இறங்கவில்லை.

"தெரிந்துதானா?"

"எப்படிக் கேட்பது, தம்பி?
அடுத்த கிழமை தவணை."

காணி: பதினொன்றரைப் பேர்ச், ஒழுங்கை ஒடுக்கம்.
கட்டிடம்: பெறுமதி இல்லை. இடிப்புச் செலவைக் கழிக்கவும்.
கிணற்றுக்குக் கட்டம் கிடையாது.
'ஏனையவை'யில் 'அரை' என்று எழுதி
வெட்டிவிட்டேன்.

வயது என்ற இடம் வெறுமை.
அதை நிரப்பாமல் ஆழம் அளக்கப் போனேன்,
யாரும் கேட்காத ஆழம்.
நாடா பதினாலு அடியில் ஈரத்தைத் தொட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ பேச்சை நிறுத்தினார்கள்.