இரவில் இறங்கும் கை

பகாவ். சனிக்கிழமை, ஐந்தரை.
லோடரின் கையைத் தலைக்கு மேல் தூக்கி
எஞ்சினை அணைத்தேன்.
பட்டறைச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு:
வாளியின் பல் இங்கே.

"பம்புதான்" என்றார் கிராணி தணிகாசலம்.
போன மாதமே பம்பு மாற்றியாச்சு,
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
வாளி அதைக் கேள்விப்படவே இல்லை.
விடிந்தால் ஒரு சாண் கீழே,
கடன் கேட்க வந்தவன்
மெல்ல உட்காருவதுபோல.

இரும்பு முட்டை அடியில் நிறுத்தினேன்.
(முட்டு எதற்கென்று
என் இடது சுண்டுவிரல் இருந்த இடத்தைக் கேளுங்கள்.)
சிலிண்டரின் தண்டுப்பக்கக் குழாயைக் கழற்றி
திறந்த வாய்க்குக் கீழே மைலோ டின்.
சொட்டினால் உள்ளே சீல் போச்சு.
சொட்டாவிட்டால் வால்வு.
வால்வென்றால் என் ஞாயிறும் போச்சு.

ரொபிக்குல் குந்தி டின்னையே பார்த்தான்.
குலை ஏற்றிய லோரி ஒன்று
சேற்றை வாரியடித்துப் போனது.
பிறகு மழை,
தகரத்தில் எதுவும் கேட்கவில்லை.

அவன் டின்னுக்குள் விரலை விட்டான்.
எடுத்தான்.
விளக்கில் மினுங்கியது.

"சத்து," என்றான்.
காத்திருந்தோம்.
"டுவா," என்றேன் நான்.

சீல் முப்பத்தைந்து வெள்ளி,
திங்கட்கிழமை கிடைத்துவிடும்.
கிராணியிடம் சொல்லும் வாக்கியத்துக்குத்தான்
எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை.