பூஜ்யத்துக்குக் கீழே

காலை எட்டு, இரவு எட்டு.
பாமிர் மலையில், குந்த் ஆற்றின் அளவுகோல் முன்
குனிந்து நிற்பாள் குல்பேகிம்.
அரசுச் சம்பளம், ஒரு டார்ச், ஒரு பேரேடு.

ஜூலையில் வரவேண்டிய வெள்ளம்
மே மாதமே வந்து
கதவு தட்டாமல் போய்விட்டது.
உருளைக்கிழங்கு அப்போது
மண்ணுக்குள் கண்கூட விழிக்கவில்லை.

தலைநகரிலிருந்து தொலைபேசி:
"தேதியைத் தப்பாக எழுதியிருக்கிறாய்."
"தேதி சரி," என்றாள்,
"ஆறுதான் முந்திக்கொண்டது."

ஆகஸ்டில் மேலே பனியாறு
சாம்பல் பூத்துக் கிடந்தது.
தண்ணீர் இறங்கியது, இன்னும் இறங்கியது,
இரும்புக் கோலின் பூஜ்யம்
காய்ந்த கல்லில் நின்றது.
அதற்குக் கீழே எண் இல்லை.

ஆறே இல்லை என்று எழுதவா?
கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள்.
சத்தம் கேட்கிறதே.

கீழ்க்கரையில் ஷோதிபேக்
தன் மதகு முறைக்காக
மூன்று இரவாய் மண்வெட்டியோடு விழித்திருக்கிறான்.
அவனுக்கும் கேட்பது
இதே சத்தம்தான்.

மகனின் பள்ளிக்கூட ஸ்கேலைக்
கம்பியால் கட்டினாள்
பூஜ்யத்துக்குக் கீழே.
டார்ச் அடித்துப் பார்த்தாள்.

கழித்தல் பதினொன்று.

பென்சில் அழுத்தியதில்
அடுத்த பக்கத்திலும்
பதிந்திருந்தது அந்தக் கோடு.