இன்னும் நாற்பது நிமிடம்

முப்பது வெள்ளிக்கு மைக்ரோவேவ் விற்றவன்
சுவா சூ காங்கில், புளோக்கின் கீழ்த்தளத்தில் காத்திருந்தான்.
"நல்லா சூடாகும்" என்றான்.
சோற்றுக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை.
ஈசூன்வரை பேருந்தில் மடியில் வைத்து வந்தேன்.
எதிர் இருக்கைப் பையன் அதன் கதவைப் பார்த்துத்
தலைமுடியைச் சரிசெய்துகொண்டான்.

உலை என்பது ஒரு வெள்ளைக் கிண்ணம், மேலே மூடி.
நகம் பட்டால் ரொட்டியாக உதிரும்.
மூடியின் உட்புறம் கறுப்பு. அந்தக் கறுப்புதான்
அலையைத் தின்று அனலாகத் துப்பும்.
உச்சியில் ஒரு துளை, ஐந்து காசு அகலம்.

வார நாளில் எனக்கு உட்லண்ட்ஸில்
சிலிக்கான் தட்டுகள் வேகும் ஆலையில் வேலை.
ஆயிரம் டிகிரி, இரும்புக் கதவுக்குள்.
பதினோரு ஆண்டில் ஒருமுறைகூட
அதன் நிறத்தைப் பார்த்ததில்லை.
திரையில் ஓர் எண் ஏறும், இறங்கும், அவ்வளவுதான்.

இங்கே, துணி காயும் கழிகளுக்கு அடியில்,
எண்ணூறு வாட்டில், நான்காம் நிமிடம்
துளைக்குள் ஆரஞ்சு.
முதல் தடவை அணைக்க மறந்து நின்றேன்.
கண்ணாடி கஞ்சியாகிக் காகிதத்தைத் தாண்டி
கிண்ணத்தின் அடியைப் பிடித்துக்கொண்டது.
இரண்டாவதை அவசரப்பட்டுத் திறந்தேன்;
காற்று பட்டதும் வெடித்தது.
மூன்றாவது, பழைய பைரெக்ஸ் துண்டு. உருகவே இல்லை.
போன மாதிரியே திரும்பி வந்தது,
கொஞ்சம் கோபமாக.

வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது.
முப்பத்தைந்து கடந்த தனியர் இருவர்
சேர்ந்து வாங்கலாம் என்ற விதியில் வாங்கியது.
பத்மலோசனிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி,
ஞாயிற்றுக்கிழமையும் பகலில் தூங்குவாள்.
"அந்தப் பெட்டி முனகுது" என்பாள்
போர்வைக்குள்ளிருந்து.

நான்காவது அழகாக வந்தது.
கோப்பிக்கடை மேசையில் கிடைத்த பியர் புட்டியின் பச்சை,
கைவினைக் கடையில் காசு கொடுத்த நீலம்.
எங்கே எது முடிகிறது என்று தெரியவில்லை.
பத்மா அதைக் குளிர்பெட்டி மேல் வைத்தாள்.
மூன்றாம் நாள் நடுநிசி,
யாரும் தொடவில்லை,
டிக்.
விரல் சொடுக்குவதைவிடச் சின்ன ஓசை.
பச்சை தனி, நீலம் தனி என்று பிரியவுமில்லை:
நீலத்தில் ஒரு கீற்று பச்சையோடே போயிருந்தது.

பிறகு படித்தேன்.
ஒவ்வொரு கண்ணாடிக்கும் சுருங்க ஓர் அளவுண்டு.
கொதிக்கும்போது யாரும் அதைக் கேட்பதில்லை.
ஆறும்போதுதான் கணக்கு.

பத்மாவிடம் சொன்னேன்.
அந்த வாரம் அவள் வேறு பேச்சில் இருந்தாள்:
பெர்த்தில் ஒரு வேலை, ஓர் ஆள், இரண்டு வருஷம்.
கடன் தவணையில் தன் பாதி
மாதம் ஒன்றாம் தேதி வந்துவிடும் என்றாள்.
அப்புறம், "ஒரே புட்டிக் கண்ணாடினா உடையாதா?"
உடையாது.
"அப்ப பார்க்க என்ன இருக்கு?"

இன்று காலை பணி முடிந்து வந்தவள்
சீருடை மாற்றவில்லை.
குளிர்பெட்டி மேலிருந்த இரண்டையும் எடுத்து
விரிசலோடு விரிசல் சேர்த்து
உலைக் காகிதத்தில் வைத்தாள்.
"திரும்ப உடையும்" என்றேன்.
"வியாழக்கிழமைதானே எனக்கு பிளைட்"
என்று பொத்தானை அழுத்தினாள்.

ஒரு துளை. இருவரும் பார்க்க
கன்னம் இடித்துக் குனிய வேண்டியிருந்தது.
நான்கு நிமிடம் இருபது விநாடி. நிறுத்தினேன்.
கையுறையோடு தூக்கிச் செங்கல் மேல் வைத்தேன்.
அவள் வாங்கிவந்த தோசை ஆறிப்போயிருந்தது.
கண்ணாடி வெந்த பெட்டியில் சாப்பாட்டை வைக்கக் கூடாது,
அப்படியே பிய்த்துத் தின்றோம்.

நடுவில் அவள் கை மூடிப் பக்கம் போனது.
தட்டிவிட்டேன்.
"இன்னும் எவ்வளவு?"
சட்னிக் கையோடு கடிகாரம் பார்த்தேன்.
முப்பத்தொன்று.