ஆறு வோல்ட்

மூடிப்போன பீர் ஆலையின் ஏலத்தில்
நுண்ணோக்கி கிடைத்தது. அதன் விளக்கும் கிடைத்தது.
விளக்குக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியை மட்டும்
யாரோ முன்னமே தூக்கிப் போயிருந்தார்கள்.

விளக்கின் கழுத்தில் பொடியெழுத்து:
ஆறு வோல்ட், ஐந்து வாட்.
சுவரில் இருப்பதோ இருநூற்றிருபது.
நடுவில் பேசி இறக்க ஓர் ஆளைத் தேடி
வால்டிவியாவின் மழையில்
மூன்று சனிக்கிழமை அலைந்தேன்.

"எல்இடி மாட்டிக்குங்க, சென்யோரா.
அந்தக் காலமெல்லாம் முடிஞ்சுபோச்சு"
என்றான் பிகார்த்தே சாலை மின்கடைப் பையன்.
முடியலை தம்பி,
இன்னும் மூணு பல்பு இருக்கு என்றேன்.

கைபேசி சார்ஜர் ஐந்து வோல்ட்.
ஆறிப்போன தேநீர் நிறத்தில் எரிந்தது,
கூட்ட வழியில்லை, குறைக்கவும்.
மைத்துனன் ஓஸ்வால்டோ
படகு பேட்டரியைத் தோளில் சுமந்து வந்தான்.
பன்னிரண்டு என்று அவன் சொல்லி முடிப்பதற்குள்
ஒரு பல்பு வெள்ளையாய்ச் சிரித்துச் செத்தது.
இன்னொன்றை நானே கொன்றேன்,
அதே பேட்டரியில்.
எப்படி என்று கேட்காதீர்கள்.

மிச்சம் ஒன்று.
பஞ்சில் சுற்றிச் சர்க்கரை டப்பாவில்.

வெளிச்சத்துக்காக அல்ல இவ்வளவும்.
வெளிச்சத்தைக் குறைப்பதற்காக.
ஆற்றுநீர்ச் சொட்டில் இருக்கும் அமீபா
கண்ணாடிக்குள் கண்ணாடி.
ஒளியைக் கொட்டினால் கரைந்துபோகும்.
சற்றே தணித்தால்
ஓரம் கட்டி, ஒரு கால் நீட்டும்.

நான்காம் சனிக்கிழமை
கடற்சிங்கங்கள் ஏப்பம்விடும் மீன்சந்தைக்குப் பின்னால்,
எர்மிண்டாவின் பழைய சாமான் கடையில்,
தையல் மிஷினுக்கும் வாய் பிளந்த அக்கார்டியனுக்கும் இடையே
கறுப்புப் பெட்டி, சிவப்புத் திருகு,
பூஜ்யம் முதல் பன்னிரண்டு வரை கோடுகள்.
பொம்மை ரயில் ஓட்டும் பெட்டி.

"எத்தனை பெட்டி ரயில் வெச்சிருக்கீங்க?"
"ரயிலே இல்லை."
"தண்டவாளம்?"
"அதுவும்."
இரண்டாயிரம் பெசோ குறைத்துக்கொண்டாள்,
இரக்கத்தில்தான் என்று நினைக்கிறேன்.

இரவு. கூரைத்தகரத்தில் மழை.
மீட்டரைக் கோத்து, மூச்சைப் பிடித்துத்
திருகைத் தொட்டேன்.
ஒன்றில் ஒன்றுமில்லை.
இரண்டில், அடுப்புக்கரியின் கடைசிச் சிவப்பு.
முள் ஆறைத் தொட்ட இடத்தில்
நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.
அதைத் தாண்டக் கூடாது:
இந்த வீட்டில் நான் மதிக்கும் ஒரே சட்டம்.

பெட்டியில் இன்னொரு விசை உண்டு,
முன்னே, பின்னே என்று.
பின்னே தள்ளிப் பார்த்தேன்.
பல்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

நாலேகால் வோல்ட்டில்
கலங்கலின் நடுவே ஏதோ ஒன்று
மெல்ல அசைந்து,
தண்டவாளம் கேட்காமல்
கிளம்பியது.