பதினாறாவது வாளி

ஏழு மணிக்கு வெட்டத் தொடங்குவதாகப் பேச்சு.
ஏழேகாலுக்கும் ஜூரா மலை மூடுபனிக்குள்தான் இருந்தது.
வண்டியில் அறுபது வாளிகள்.
போன ஆண்டு இவை போதாமல் கடன் வாங்கினோம்.
பதினைந்தை மட்டும் இறக்கினேன்.
மீதியைத் தார்ப்பாயால் மூடினேன்,
யாரும் எண்ணிவிடக் கூடாதென்று.

ஏப்ரலில் ஒரு விடியல், மூன்றரை மணி.
மெழுகு டின்களைக் கொளுத்திக்கொண்டே
வரிசை வரிசையாக ஓடினோம்
நானும் கொழுந்தன் ஃபுல்ஜான்ஸும்.
மேற்சரிவு முழுக்க நெருப்பு.
குளிரோ தண்ணீர் மாதிரி
கீழ்ப்பள்ளம் தேடிப் போய்த் தேங்கியது.
விடிந்ததும் துளிர்களைத் தொட்டேன்.
தேயிலைத்தூளாய் விரலில் உதிர்ந்தன.

பிறகு ஜூன்.
மருந்து காயும்முன் மழை,
மழை காயும்முன் மழை.
இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சை.
ஷூவில் சேறு படாமல் நடந்து வந்த
காப்பீட்டுக்காரர் கேட்டார்,
"எழுபது சதவீதம் போயிருக்குமா?"
கொடியைக் கேளுங்கள் என்றேன்.
எழுபது என்று எழுதிக்கொண்டார்.

இன்று கத்தரியைத் திறந்தேன்.
முதல் குலை ஒரு கைக்குள் அடங்கியது.
அழுகிய மணிகளை நோண்டி எறிந்தபின்
அரைக் கை.
வாளியின் வெறும் அடியில்
அது விழுந்த ஓசையைக் கேட்டேன்.
நல்ல ஆண்டுகளில் கேட்டதேயில்லை,
அதற்குள் அடுத்தது மேலே விழுந்துவிடும்.

ருமேனியாவிலிருந்து வருடா வருடம் வரும் வியோரிகா
வரிசையின் கடைசிவரை ஒருமுறை பார்த்துவிட்டு
"எத்தனை நாள்?" என்றாள்.
நான்கு.
பன்னிரண்டு நாளுக்குத் துணி கட்டிக்கொண்டு வந்தவள்
கையுறையை மாட்டிக்கொண்டாள்.

ஃபுல்ஜான்ஸ் ஒரு மணியைக் கண்ணாடியில் பிழிந்து
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான்.
பதினொன்றரை, என்றான்.
ஒயினாகத் தேறும், ஆனால் மெலிந்த ஒயின்.
துடைத்துவிட்டு இன்னொரு மணி பிழிந்தான்.
அதுவும் பதினொன்றரை.

எட்டரைக்கு அனத்துவால் வந்தான்.
கீழ்ப்பள்ளம் அவனுடையது.
அங்கே வெட்ட ஒரு குலை கிடையாது.
ஊருக்கே தெரியும்,
தெரிந்ததால் கடைத்தெருவில் அவனிடம்
கால்பந்தைப் பற்றிப் பேசினோம்.
சொந்தக் கத்தரி, சொந்த வாளி.
கூப்பிட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை.
வணக்கம் சொன்னான், எனக்கு எதிர்ப்பக்கம் குனிந்தான்.

கூலி என்பதா, நன்றி என்பதா,
எனக்கு நாக்கு எழவில்லை.
இலைகளுக்கு நடுவே அவன் விரல்கள் மட்டும்.
ஒரு வருடத்து வேகம்
கையிலேயே நின்றுபோனவன் வெட்டுவதுபோல்
வெட்டினான்.

"குளவி அதிகம்," என்றான் ஒருமுறை.
"ஆமாம்," என்றேன்.

பத்து மணிக்கு அவன் வாளி நிறைந்தது.
இறக்கிய பதினைந்தும் மற்றவர்கள் கையில்.
நான் தார்ப்பாயை விலக்க வேண்டியதாயிற்று.
ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கியிருந்த
நாற்பத்தைந்தையும் பார்த்தபடி நின்றான்.

"என் கொட்டகையில் நூற்றிருபது," என்றான்.
"கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்."

ஒன்றை உருவி அவனிடம் கொடுத்தேன்.
உள்ளே ஒரு சிலந்தி இருந்தது.
அதைப் புல்லில் தட்டிவிட்டு
வரிசைக்குத் திரும்பினான்.