காயப் போட்ட புல்

கஸ்தூரியார் வீதிக் கடைக்காரன்
சப்பாத்துப் பெட்டியில் ஓட்டை குத்தி
இரண்டையும் உள்ளே விட்டுத் தந்தபோது
மரத்தூள் ஒரு பையும் சும்மா தந்தான்.
"இதைப் போட்டாக் காணும், மிஸ்."

மூன்றாம் நாள் பெரியது தும்மியது.
வெங்காயத் தோல் ஒன்று பறக்கிற அளவு காற்று,
அவ்வளவுதான்.
ஆனால் நெஞ்சுநோய் விடுதியில் ஒன்பது வருடம்
இரவு வேலை பார்த்தவளுக்கு
மூச்சின் அடியில் கிடக்கும் விசில் கேட்கும்.
தூளை அள்ளி மணந்தேன்:
வார்னிஷ், வேம்பு, யாரோ ஒருவரின் புதுக் கதவு.
முழுவதையும் வாழையடியில் கொட்டினேன்.

பிறகு பேப்பர்.
எங்கள் ஊர்ப் பத்திரிகையில் பாதி மரண அறிவித்தல்.
விரித்துவிட்டு நிமிர முதல்
இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரின் நெற்றியில்
சின்னது மூத்திரம் பெய்தது.
மன்னிப்புக் கேட்டேன், வாய்விட்டுத்தான்.
அன்றிலிருந்து விளையாட்டுப் பக்கம் மட்டும்.

பேப்பரின் மேல் துணி வேண்டும்.
துவாய் சரிவராது, நூல் கழன்று நகத்தில் சுற்றும்.
ஸ்காபரோ மச்சாள் விட்டுப்போன கம்பளி ஜாக்கெட்டை
நடுவால் வெட்டினேன்.
யாழ்ப்பாண வெயிலில் அதற்கு வேறு வேலை இல்லை.
நாலுமுறை தோய்த்த பிறகுதான்
ஈரத்தைக் கீழே இறங்க விட்டது.
சிப் இருந்த ஓரத்தை எறிந்தேன்.

புல்தான் பெரிய பாடு.
கொழும்பிலிருந்து வரும் பொதி
என் இரண்டு இரவுச் சம்பளம்.
வைக்கோல் மாட்டுக்கு;
இவற்றின் கண் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம்,
ஒரு முனை போதும்.

இணுவிலில் அருள்நேசனின் வரம்பைக் கேட்டுப் போனேன்.
"போயிலைப் பக்கம் வெட்டாதேங்கோ,
நேற்றுத்தான் மருந்தடிச்சது.
கிணத்தடியிலை வெட்டுங்கோ. மாடு எத்தினை?"
போனில் படம் காட்டினேன்.
மண்வெட்டியைப் போட்டுவிட்டு
இருந்து சிரித்தார்.

கினிப்புல் என்கிறார்கள் அதை.
புல் அந்தப் பக்கத்தால் வந்ததுதானாம்.
என்னுடையவை கினியாவும் இல்லை, பன்றியும் இல்லை.
ஆனாலும் பேரைப் பார்த்தோ என்னவோ
உறவு கொண்டாடித் தின்கின்றன.

மொட்டைமாடியில் இரண்டு வெயில்.
உதறிப் புரட்டி, முறித்துப் பார்க்க வேண்டும்:
ஒடிய வேண்டும், பொடியக் கூடாது,
பச்சை கொஞ்சம் மிஞ்ச வேண்டும்.
பழைய தேயிலைப் பெட்டி மணம் வந்தால் சரி.
ஓர் இழையில் பூஞ்சணம் மணத்தாலும்
முழுப் பிடியும் குப்பைக்கு.

பதினாலாம் கட்டில் ஐயாவை
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுவோம்.
குதிக்கால் பார்ப்போம், இடுப்பு பார்ப்போம்,
விரிப்பில் ஒரு சுருக்கு இல்லாமல் இழுப்போம்.
விடிய வீட்டுக்கு வந்து
பெரியதை மடியில் மல்லாத்திப் பாதம் பார்ப்பேன்.
நான்கும் இளஞ்சிவப்பு. புண் இல்லை.
என் தும்பு மெத்தையில் என் அளவுக்கு ஒரு பள்ளம்;
அதை நான் பார்ப்பதில்லை.

"பிள்ளை, வீட்டிலை ஆர் இருக்கினம்?" என்றார் ஒருநாள்,
சுவரைப் பார்த்துக் கிடந்தபடி.
"ரெண்டு பேர்."
"சாப்பிட்டிச்சினமோ?"
"படுக்கையையே சாப்பிடுவினம், ஐயா."
கனநேரம் யோசித்தார்.
"கெட்டிக்காரர்," என்றார்.

ஐப்பசி. பின்னேரம் ஐந்தே முக்கால்.
பெரிய துளிகளாய் விழத் தொடங்கிவிட்டது.
கொடியில் என் வெள்ளைச் சீருடை,
பக்கத்தில் சாக்கில் பரப்பிய புல்.
இருப்பது இரண்டு கை,
அதற்கு மேல் யோசிக்க நேரம் இல்லை.

பஸ்ஸில் முதுகு சில்லிட்டது.
விடுதியில் மேற்பார்வைத் தாதி
ஏன் நனைஞ்சனி என்று கேட்டா.
குடை மறந்துபோச்சு என்றேன்.
அவ என் தலைமயிரிலிருந்து
காய்ந்த இழை ஒன்றை எடுத்து
மேசையில், வெப்பமானிக்குப் பக்கத்தில் வைத்தா.
ஈரம் படவில்லை அதில்.